ஸ்டேக்: மாட்டிறைச்சித் துண்டங்களின் வகைகளும் உண்ணும் முறையும்

ஸ்டேக் என்பது மாட்டின் தசையைத் தடிமனான துண்டாக அறுத்து, அதிக வெப்பத்தில் குறைந்த நேரம் வாட்டி உண்ணும் உணவு ஆகும். கடையில் வாங்கும் பச்சைத் துண்டுக்கும் தட்டில் வரும் சமைத்த உணவுக்கும் இதே பெயர்தான். அமெரிக்க ஐக்கிய நாடுகள், அர்ஜென்டினா, பிரான்சு, இத்தாலி, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் இது விருந்துக்குரிய உணவாகக் கருதப்படுகிறது. ஸ்டேக்கில் குழம்பும் மசாலாவும் இல்லை. பெரும்பாலும் உப்பு மட்டுமே சேர்க்கப்படுகிறது. ஆகவே இறைச்சியில் குறை இருந்தால் அதை மறைக்க வழி கிடையாது. மாட்டின் உடலில் அந்தத் தசை எங்கே இருந்தது என்பதே அதன் மென்மை, சுவை, விலை, சமைக்கும் முறை ஆகிய அனைத்தையும் பெருமளவு தீர்மானிக்கிறது. இதை அறியாமல் வாங்குபவர் அதிக விலை கொடுத்தும் ஏமாறலாம். அறிந்தவர் குறைந்த விலையிலேயே நல்ல துண்டைப் பெறலாம்.

துண்டங்களின் பெயர்கள் நாட்டுக்கு நாடு மாறுவதால், இக்கட்டுரையில் அமெரிக்க வழக்கே அடிப்படையாகக் கொள்ளப்பட்டுள்ளது.

தசையின் இருப்பிடமும் மென்மையும்

மாடு நாள் முழுவதும் நின்றும் நடந்தும் தலையைத் தாழ்த்தி மேய்ந்தும் வாழும் விலங்கு. கழுத்து, தோள், கால், தொடை ஆகிய பகுதிகளின் தசைகள் ஓயாமல் உழைக்கின்றன. முதுகெலும்பை ஒட்டிய தசைகளுக்கு அவ்வளவு வேலை இல்லை. உழைக்கும் தசையில் கொலாஜன் என்னும் புரதத்தால் ஆன இணைப்புத் திசு மிகுதியாகவும் உறுதியாகவும் இருக்கும். இறைச்சியைக் கடிக்கும்போது 'ரப்பர் போல' இழுபடுவதற்கு முதன்மைக் காரணம் இதுவே.

கொலாஜனை மென்மையாக்க முடியும். நீர்ப்பதத்தில், சுமார் 70 பாகை செல்சியசுக்கு மேல், நீண்ட நேரம் வேகும்போது அது கரைந்து ஜெலட்டினாக மாறுகிறது. ஆட்டுக்கால் சூப் குடித்தபின் உதடுகள் ஒட்டிக்கொள்வது இந்த ஜெலட்டினால்தான். அந்த மாற்றத்துக்கு மணிக்கணக்கில் நேரம் வேண்டும். ஸ்டேக் அடுப்பில் இருப்பதோ சில நிமிடங்கள். எனவே கால், கழுத்து, நெஞ்சுப் பகுதித் தசைகள் ஸ்டேக்குக்குப் பொருந்தா. முன்னங்கால் இறைச்சியைத் தடிமனாக அறுத்து வாட்டினால் அது செருப்புத் தோல்போல் ஆகிவிடும். அதே துண்டை மூன்று மணி நேரம் மூடி வேகவைத்தால் கரண்டியால் பிட்டு எடுக்கலாம்.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மென்மை வேறு, சுவை வேறு. உழைத்த தசைக்குப் பொதுவாக இறைச்சிச் சுவை மிகுதி. உழைக்காத தசை மென்மையாக இருந்தாலும் சுவையில் சற்று மந்தம். இறைச்சிச் சந்தையில் அதிக விலை கொடுக்கப்படுவது பெரும்பாலும் மென்மைக்கே.

முதுகுப் பகுதித் துண்டங்கள்

முதுகெலும்பின் இரு பக்கமும் தோளிலிருந்து இடுப்புவரை ஒரு நீண்ட தசை ஓடுகிறது. புகழ்பெற்ற ஸ்டேக் வகைகளில் இரண்டு இந்த ஒரே தசையிலிருந்து கிடைப்பவை.

விலா எலும்புப் பகுதியில் அறுக்கப்படுவது ரிப்-ஐ. மாட்டுக்கு 13 இணை விலா எலும்புகள் உண்டு. அமெரிக்க வழக்கப்படி 6 முதல் 12 வரையிலான எலும்புகள் உள்ள பகுதியே இதற்கு உரியது. தசைக்குள் வெள்ளைக் கோடுகளாகக் கொழுப்பு பரவியிருக்கும். பளிங்குக் கல்லின் வரிகளைப்போல் தோன்றுவதால் இதற்குப் பளிங்குக் கொழுப்பு என்று பெயர். வாட்டும்போது இக்கொழுப்பு உருகித் தசை இழைகளுக்கிடையே பரவி, இறைச்சிக்கு ஈரமும் மணமும் தருகிறது. ரிப்-ஐ துண்டின் வெளி ஓரத்தில் தொப்பிபோல் கவிந்திருக்கும் மெல்லிய தசை ஒன்று உண்டு. மாட்டின் மிகச் சுவையான பகுதி அதுவே என்று சொல்லும் சமையல்காரர்கள் பலர். ஓரத்தில் இருப்பதால் கொழுப்பு என்று எண்ணி அதைத் தட்டிலேயே ஒதுக்கிவிடுவோரும் இருக்கிறார்கள். அது பெரிய இழப்பு.

அதே நீண்ட தசை விலாவைத் தாண்டி இடுப்பை நோக்கிச் செல்லும் பகுதியில் அறுக்கப்படுவது ஸ்டிரிப் ஸ்டேக். நியூயார்க் ஸ்டிரிப் என்றும் கேன்சஸ் சிட்டி ஸ்டிரிப் என்றும் வழங்கப்படுகிறது. கொழுப்பு ரிப்-ஐயைவிடக் குறைவு. கடிக்கும்போது சற்று உறுதி தெரியும்.

முதுகெலும்பின் உட்புறத்தில், வயிற்றறைப் பக்கமாக, மறைந்து கிடக்கும் தசை டென்டர்லாயின். மாட்டின் தசைகளில் மிகக் குறைவாக உழைப்பது இது. ஆகவே மிக மென்மையானது. இதை வட்டத் துண்டுகளாக அறுத்தால் ஃபிலே மின்யோன். ஒரு மாட்டில் சில கிலோ மட்டுமே கிடைப்பதாலும், விரும்புவோர் மிகுதி என்பதாலும் விலை உச்சத்தில் இருக்கும். ஆனால் கொழுப்பும் சுவையும் குறைவு. உணவகங்களில் இதைப் பன்றி இறைச்சிப் பட்டையால் சுற்றுவதும், வெண்ணெய்ச் சாறு ஊற்றுவதும் இந்தக் குறையை ஈடுகட்டத்தான்.

டி-போன் என்பது இவ்விரண்டும் சேர்ந்த துண்டு. நடுவில் ஆங்கில 'டி' எழுத்து வடிவில் நிற்பது பாதியாகப் பிளந்த முதுகெலும்புக் கண்ணி. அதன் ஒரு பக்கம் ஸ்டிரிப், மறுபக்கம் டென்டர்லாயின். டென்டர்லாயின் பக்கத்தின் அகலம் 1.25 அங்குலம் அல்லது அதற்கு மேல் இருந்தால் அதை போர்ட்டர்ஹவுஸ் என்று விற்கலாம்; டி-போன் என்று விற்கக் குறைந்தது அரை அங்குலம் வேண்டும். பார்ப்பதற்குக் கம்பீரமான இத்துண்டைச் சமைப்பது எளிதன்று. டென்டர்லாயின் பக்கம் முன்னதாக வெந்துவிடும். எனவே ஸ்டிரிப் பக்கத்தை நெருப்பின் சூடான பகுதியை நோக்கி வைப்பது வழக்கம்.

இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரின் பிஸ்தெக்கா அல்லா ஃபியோரென்தினாவும் இவ்வகைத் துண்டுதான். கியானினா என்னும் வெள்ளை மாட்டினத்தின் இறைச்சி இதற்குச் சிறந்ததாகச் சொல்லப்படுகிறது. மூன்று நான்கு விரல் தடிமனில் அறுத்து, மரக்கரித் தணலில் வாட்டி, உள்ளே நன்கு சிவப்பாக இருக்கும்போதே பரிமாறுவர். 'பித்து மாடு' நோய் பரவிய காலத்தில், முதுகெலும்பு வழியாக நோய் பரவலாம் என்ற அச்சத்தால், 12 மாதத்துக்கு மேற்பட்ட மாட்டின் முதுகெலும்புடன் கூடிய இறைச்சியை விற்க ஐரோப்பிய ஒன்றியம் 2001இல் தடை விதித்தது. தஸ்கனிப் பகுதியின் பான்சானோ ஊரைச் சேர்ந்த இறைச்சிக் கடைக்காரர் தாரியோ செக்கீனி, இந்தத் துண்டுக்குச் சவ ஊர்வலமே நடத்தினார். வயது வரம்பு உயர்த்தப்பட்டு, 2006இல்தான் எலும்புடன் கூடிய பிஸ்தெக்கா மீண்டும் கடைகளுக்கு வந்தது.

கசாப்புக்காரர் தமக்கென வைத்துக்கொண்ட துண்டங்கள்

விலை உயர்ந்த துண்டங்களைப்பற்றி எல்லோரும் அறிவர். உண்மையில் கற்றுக்கொள்ளத் தக்கவை அடுத்து வருபவை.

ஹேங்கர் ஸ்டேக் என்பது உதரவிதானத்தைத் தாங்கித் தொங்கும் தசை. ஒரு மாட்டுக்கு ஒன்றுதான் உண்டு. கடையில் அடுக்கி வைக்குமளவு கிடைக்காததால் கசாப்புக்காரர்கள் இதைத் தம் வீட்டுக்கு எடுத்துச் செல்வது வழக்கமாக இருந்தது. 'கசாப்புக்காரர் ஸ்டேக்' என்ற பெயர் அதனால் வந்தது. பிரான்சில் இதன் பெயர் ஓங்லே. ஈரலை நினைவூட்டும் ஆழ்ந்த சுவை உடையது. நடுவே ஓடும் தடித்த நரம்பு போன்ற திசுவை நீக்கிவிட்டே சமைக்க வேண்டும்.

ஸ்கர்ட் ஸ்டேக்கும் உதரவிதானத் தசையே. நீண்டு மெலிந்து அரைக்கச்சை போன்று இருக்கும். தெற்கு டெக்சாஸ் கால்நடைப் பண்ணைகளில் வேலை செய்த மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்களுக்கு, மாட்டை அறுக்கும்போது தலை, குடல், தோல் ஆகியவற்றோடு விலைபோகாத இந்தத் தசையும் கூலியின் ஒரு பகுதியாகக் கொடுக்கப்பட்டது. அவர்கள் அதைத் தணலில் வாட்டி, மெல்லிய கீற்றுகளாக அரிந்து, ரொட்டியில் சுருட்டி உண்டனர். சிறு பட்டை என்று பொருள்படும் 'ஃபஹீத்தா' என்னும் ஸ்பானியச் சொல்லே அவ்வுணவுக்குப் பெயராயிற்று. பின்னர் உணவகங்கள் ஃபஹீத்தாவை நாடெங்கும் பரப்பின. விளைவு, ஒருகாலத்தில் கூலியாளுக்குத் தள்ளிவிடப்பட்ட தசை இன்று மலிவானதாக இல்லை.

ஃபிளேங்க் ஸ்டேக் வயிற்றுப் பக்கத்துத் தசை. இதன் இழைகள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்படி நீளவாக்கில் ஓடும். அரியும் முறையில் தவறினால் மெல்லவே முடியாது. அதைப்பற்றிக் கீழே காண்க.

ஃபிளாட் அயர்ன் துண்டின் வரலாறு வேறு வகையானது. தோள் பகுதி இறைச்சி கடினமானது என்று கருதி, அதைப் பெரும்பாலும் கொத்திறைச்சியாகவோ வேகவைக்கும் இறைச்சியாகவோ மலிவாக விற்றுவந்தனர். நெப்ராஸ்கா, ஃபுளோரிடா பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் தோள், பின்தொடை ஆகிய பகுதிகளில் உள்ள 39 தசைகளைத் தனித்தனியே பிரித்தெடுத்துச் சோதித்தனர். தோள்பட்டை எலும்பின்மேல் படிந்துள்ள ஒரு தசை, டென்டர்லாயினுக்கு அடுத்தபடியான மென்மை கொண்டது என்பது தெளிவாயிற்று. அதன் நடுவே தடித்த இணைப்புத் திசுத் தகடு ஒன்று ஓடுவதுதான் சிக்கல். தசையைக் குறுக்கே அறுக்காமல் கிடைமட்டமாக இரண்டாகப் பிளந்து அந்தத் தகட்டை நீக்கியதும், இரண்டு தட்டையான அருமையான துண்டங்கள் கிடைத்தன. 2000களின் தொடக்கத்தில் இது சந்தைக்கு வந்தது. மாடு பழைய மாடுதான், தசையும் என்றும் உள்ளதுதான். கத்தி செல்லும் திசை மட்டுமே மாறியது.

பிரேசில் நாட்டவர் போற்றும் பிக்கான்யா இடுப்பின் மேற்பகுதித் தசை. விரல் தடிமனுக்கு ஒரு பக்கம் மூடியிருக்கும் கொழுப்பை நீக்காமல் அரைவட்டமாக வளைத்துக் கம்பியில் கோத்து வாட்டுவர்.

பெயர்க் குழப்பம்

வெளிநாட்டில் ஸ்டேக் வாங்குவோர் பெயரை மட்டும் நம்பக் கூடாது. பிரிட்டனில் சர்லாயின் என்று கேட்டால் கிடைப்பது அமெரிக்கரின் ஸ்டிரிப். அமெரிக்கர் சர்லாயின் என்பதைப் பிரிட்டானியர் ரம்ப் என்பர். ஆஸ்திரேலியாவின் சில பகுதிகளில் எலும்பில்லாத ஸ்டிரிப் துண்டே போர்ட்டர்ஹவுஸ் எனப்படும். பிரான்சிலோ ஃபிலே மின்யோன் என்றால் பொதுவாகப் பன்றி இறைச்சி! சர்லாயின் என்ற பெயரைப் பற்றி ஒரு கதையும் உண்டு: சுவையில் மயங்கிய இங்கிலாந்து மன்னர் ஒருவர் அந்தத் துண்டுக்கு 'சர்' பட்டம் சூட்டினாராம். கதை நன்றாக இருந்தாலும் சொல்லின் மூலம் அதுவன்று. 'இடுப்புக்கு மேல்' என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது.

தரம் பிரித்தலும் முதிர்வும்

அமெரிக்க வேளாண்மைத் துறை 1927 முதல் மாட்டிறைச்சியைத் தரம் பிரித்து முத்திரை இடுகிறது. 12ஆம், 13ஆம் விலா எலும்புகளுக்கிடையே வெட்டிப் பார்த்து, பளிங்குக் கொழுப்பின் அளவையும் மாட்டின் வயதையும் கொண்டு தரம் முடிவாகிறது. கடைகளில் காணப்படுபவை பிரைம், சாய்ஸ், செலக்ட் ஆகிய மூன்று, பிரைம் உயர்ந்தது. தரம் பிரித்தல் நிறுவனங்களின் விருப்பத்தைப் பொறுத்தது. நோய்க்கான பரிசோதனையோ சட்டப்படி கட்டாயம். இரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது. ஜப்பானில் பளிங்குக் கொழுப்பை 1 முதல் 12 வரை எண்ணிட்டு அளக்கின்றனர். அங்குள்ள வாக்யு மாட்டின் உயர்தர இறைச்சியில் கொழுப்பு மிக அதிகம். அதைச் சிறு துண்டுகளாகவே உண்பர். பெரிய துண்டு திகட்டிவிடும்.

அறுத்த உடனே சமைத்த மாட்டிறைச்சி கடினமாக இருக்கும். உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில் சில வாரங்கள் வைத்திருந்தால், தசையிலேயே உள்ள நொதிகள் இழைகளைத் தளர்த்துகின்றன. காற்றில் தொங்கவிட்டு முதிரச் செய்யும் உலர் முறையில் நீர் ஆவியாகி எடை குறைகிறது. காய்ந்த மேற்பரப்பையும் சீவி எறிய வேண்டியுள்ளது. அதன் விலை கூடுதலாக இருப்பதற்கு இவையே காரணம். கொட்டைப் பருப்பின் மணம் போன்ற தனி மணம் அதற்கு உண்டு. பெரும்பாலான கடை இறைச்சி காற்றுப் புகாத உறையில் முதிர்ந்ததாகும்.

வாட்டும் முறை

ஸ்டேக்கின் மேற்பரப்பில் தோன்றும் பழுப்பு நிறமும் மணமும் மயார் வினையின் பயன். பிரெஞ்சு வேதியியலர் லூயி கமீய் மயார் 1912இல் விளக்கிய இவ்வினையில், வெப்பத்தால் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் கூடி நூற்றுக்கணக்கான மணப்பொருள்களை உண்டாக்குகின்றன. தோசையின் முறுகலிலும் வறுத்த காப்பிக் கொட்டையிலும் நிகழ்வது இதுவே. சுமார் 140 பாகை செல்சியசுக்கு மேல்தான் இது விரைந்து நடக்கும். மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை வெப்பம் 100 பாகையைத் தாண்டாது. ஆகவே துண்டைத் துணியாலோ தாளாலோ நன்கு ஒற்றி உலர்த்திய பின்னரே சட்டியில் இட வேண்டும்.

உப்பிடும் நேரத்திலும் கவனம் தேவை. உப்பு முதலில் இறைச்சியின் நீரை வெளியே இழுக்கும். சுமார் 40 நிமிடம் கழிந்தால் அந்த நீர் உப்பைக் கரைத்துக்கொண்டு மீண்டும் உள்ளே ஊறிவிடும். எனவே சட்டியில் இடும் கணத்தில் உப்பிடலாம்; அல்லது 40 நிமிடத்துக்கு மேல், முடிந்தால் முதல் நாள் இரவே உப்பிட்டுக் குளிர்பதனப் பெட்டியில் திறந்து வைக்கலாம். இடைப்பட்ட பத்து, இருபது நிமிடங்கள்தான் மோசமானவை.

தனமான வார்ப்பிரும்புச் சட்டி ஏற்றது. துண்டு ஒன்றரை அங்குலத் தடிமனாவது இருப்பது நல்லது. மெல்லிய துண்டு மேலே பழுப்பாகும் முன்பே உள்ளே முற்றிலும் வெந்துவிடும். ஒரே ஒருமுறைதான் திருப்ப வேண்டும் என்பது பலர் சொல்லும் விதி. ஆனால் நிமிடத்துக்கொருமுறை திருப்பினால் உட்புறம் இன்னும் சீராக வேகிறது. மிகத் தடிமனான துண்டை முதலில் 120 பாகை அளவில் ஓவனில் மெதுவாகச் சூடாக்கி, உள் வெப்பம் 50 பாகையை நெருங்கியதும் எடுத்துக் கொதிக்கும் சட்டியில் ஒவ்வொரு பக்கமும் ஒரு நிமிடம் வாட்டுவதும் உண்டு. ஓவனில் மேற்பரப்பு உலர்ந்துவிடுவதால் நல்ல முறுகல் கிடைக்கும்.

'அதிக வெப்பத்தில் வாட்டினால் மேற்பரப்பு மூடிக்கொண்டு சாறு உள்ளேயே தங்கும்' என்ற கருத்து இன்றும் சமையல் நூல்களில் காணப்படுகிறது. இதைப் பரப்பியவர் செருமானிய வேதியியலர் யுஸ்டஸ் ஃபான் லீபிக். 1847இல் வெளியான அவர் நூலால் இது பரவியது. இது தவறு. வாட்டிய பிறகும் சட்டியில் 'சொர்' என்ற ஓசை கேட்டுக்கொண்டே இருக்கிறதே, அது வெளியேறும் சாறு ஆவியாகும் ஓசைதான். வாட்டுவது மணத்துக்காக மட்டுமே. சாறு தங்குவதும் போவதும் உள் வெப்பத்தைப் பொறுத்தது.

வேக்காடும் பாதுகாப்பும்

உள் வெப்பம் 50 பாகை செல்சியசு அளவில் இருந்தால் ரேர். 55 அளவில் மீடியம் ரேர். 60 முதல் 63 வரை மீடியம். 70ஐத் தாண்டினால் வெல் டன். சுமார் 60 பாகைக்கு மேல் இணைப்புத் திசு சுருங்கி, ஈரத்துணியைப் பிழிவதுபோல் சாற்றை வெளியேற்றுகிறது. தட்டில் வடியும் சிவப்பு நீரைக் கண்டு இரத்தம் என்று அஞ்சுவோர் பலர். மாட்டை அறுக்கும்போதே இரத்தம் ஏறத்தாழ முழுவதும் வடிக்கப்பட்டுவிடுகிறது. அது தசை நீரில் கரைந்த மையோகுளோபின் என்னும் நிறப்புரதம்.

எல்லாத் துண்டுக்கும் ஒரே பதம் பொருந்தாது. ரிப்-ஐயின் கொழுப்பு உருக வேண்டுமாதலால் அதைச் சற்றுக் கூடுதலாக, மீடியம் பதத்தை ஒட்டி வேகவிடலாம். டென்டர்லாயின், ஃபிளேங்க் ஆகியவை மீடியம் ரேர் பதத்தைத் தாண்டினால் உலர்ந்துவிடும். வெப்பத்தைக் கைவிரலால் அழுத்தி அறிவது பழகியவர்க்கே கைவரும். கூர்முனை வெப்பமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்வதே மேல்.

உள்ளே சிவப்பாக உண்பது பாதுகாப்பானதா என்ற கேள்வி நியாயமானது. முழுத் தசைத் துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில் மட்டுமே இருக்கும். வாட்டும்போது அவை அழிந்துவிடும். கொத்திறைச்சியில் மேற்பரப்பு என்று தனியே ஒன்றில்லை. அரைக்கும்போது கிருமி உள்ளே கலந்துவிடுகிறது. 1993இல் அமெரிக்காவில் சரியாக வேகாத ஹாம்பர்கரால் ஈ. கோலை நோய் பரவி, 700க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். நான்கு குழந்தைகள் இறந்தனர். எனவே கொத்திறைச்சியைச் சிவப்பாக உண்ணவே கூடாது. அமெரிக்க வேளாண்மைத் துறை முழுத் துண்டுக்கு 63 பாகையும் பின் மூன்று நிமிட ஓய்வும், கொத்திறைச்சிக்கு 71 பாகையும் வேண்டும் என்கிறது. ஆகவே ரேர், மீடியம் ரேர் பதங்கள் அந்த அளவுக்குக் கீழானவை. கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியோர், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோர் ஆகியோருக்கு அவற்றைக் கொடுக்கக் கூடாது.

மென்மையாக்குவதற்காக ஊசிகளால் குத்தப்பட்ட இறைச்சியும் கடைகளில் விற்கப்படுகிறது. ஊசியோடு கிருமியும் உள்ளே சென்றுவிடலாம். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க இயலாது. 2016 முதல் அமெரிக்காவில் இதை உறையில் அச்சிடுவது கட்டாயம். அந்த வரியைப் படித்துப் பார்த்து, அத்தகைய துண்டை நன்கு வேகவைத்தே உண்ண வேண்டும்.

அரிதலும் உண்ணுதலும்

அடுப்பிலிருந்து இறக்கிய துண்டை ஐந்து நிமிடமாவது விட்டுவைக்க வேண்டும். வெளிப்புறச் சூடு உள்ளே பரவி, வெப்பம் மேலும் சில பாகை உயரும். அதற்கேற்பச் சற்று முன்னதாகவே இறக்கிவிட வேண்டும்.

அடுத்தது கத்தி. தசை இழைகள் ஓடும் திசையை முதலில் பார்த்துக்கொண்டு, அதற்குக் குறுக்காக அரிய வேண்டும். ஃபிளேங்க், ஸ்கர்ட் துண்டங்களில் இது மிக முக்கியம். இழையின் போக்கிலேயே அரிந்தால் ஒவ்வொரு வாயிலும் விரல் நீள நார் சிக்கும். குறுக்காக அரை சென்டிமீட்டர் கனத்தில் அரிந்தால் அந்த நார்கள் அரை சென்டிமீட்டர் நீளமே இருக்கும். அரிவதற்குமுன் சமையல்காரர் செய்ய வேண்டிய வேலையைப் பல் செய்ய நேர்வதுதான் 'இறைச்சி கடினம்' என்ற புகாருக்குப் பாதிக் காரணம்.

தொட்டுக்கொள்பவை துண்டுக்கு ஏற்ப மாறும். சுவை மந்தமான டென்டர்லாயினுக்கு முட்டை மஞ்சள் கருவும் வெண்ணெயும் சேர்ந்த பெயார்னேஸ் போன்ற கொழுப்பான சாறு பொருந்தும். அர்ஜென்டினாவில் பார்சிலி, பூண்டு, காடி, எண்ணெய் ஆகியவை கலந்த சிமிசூரி வழக்கம். ஸ்கர்ட், ஃபிளேங்க் ஆகியவற்றின் ஆழ்ந்த சுவைக்கு அந்தப் புளிப்பு நல்ல துணை. நல்ல ரிப்-ஐ துண்டுக்கு உப்பும் புதிதாகப் பொடித்த மிளகும் போதும். மீந்த துண்டை மறுபடி சூடாக்கினால் சாறு வற்றிவிடும். அதைக் குளிர்ந்தபடியே மெல்லியதாக அரிந்து, வெங்காயமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து ரொட்டிக்கு நடுவே வைத்து உண்ணலாம்.